கடலுக்குப் போகும் நாள்: உத்திரமேரூர் வட்டாரத்தின் பயண வழக்கங்கள்

உத்திரமேரூரும் மாமல்லபுரமும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன. உத்திரமேரூர் ஏரிக்கரையிலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் 50 கிலோமீட்டருக்குள் வங்காள விரிகுடா வந்துவிடும். சாலை அப்படி நேராகப் போவதில்லை. செங்கல்பட்டுக்குச் சென்று திருக்கழுக்குன்றம் வழியாகத் திரும்பி, 60 கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம், வேடந்தாங்கல், மதுராந்தகம் எல்லாம் அதனோடு சென்றன. உத்திரமேரூர் வட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தங்கியது. அந்த மாவட்டத்துக்கு அன்றுமுதல் கடற்கரையே இல்லை. எல்லை மாறியதால் பயணம் மாறிவிடவில்லை. மாசி மகத்துக்கும் காணும் பொங்கலுக்கும் இந்தக் கிராமங்கள் கடலைத் தேடிப் புறப்படும் திசை இன்றும் கிழக்குதான்.

கோடையில் சில வாரங்கள் கடற்கரையில் போய்த் தங்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் ஒருபோதும் இருந்ததில்லை. பஞ்சாங்கம் குறித்த நாளில் போவது, முழுகுவது, கொண்டுபோன சோற்றை உண்பது, திரும்புவது என்பதே முறை. மாட்டு வண்டி போய்ப் பேருந்து வந்தது, பேருந்தோடு வேனும் காரும் சேர்ந்தன, கரை நெடுக விடுதிகள் எழுந்தன. ஆயினும் உள்நாட்டு ஊர்கள் கடலுக்குக் கிளம்பும் நாள்கள் பெரும்பாலும் பழைய நாள்களாகவே இருக்கின்றன. இன்றைய ஒருநாள் உல்லாசப் பயணத்தின் வேர் அந்த நாள்காட்டியில் இருக்கிறது.

உத்திரமேரூர், மாமல்லபுரம் இரண்டையும் வளர்த்தவர்கள் ஒரே அரச மரபினரான பல்லவர். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒற்றைக்கல் ரதங்களும், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலும் மாமல்லபுரத்தில் நின்ற பிறகே, சுமார் 750இல் இரண்டாம் நந்திவர்மன் உத்திரமேரூரைச் சதுர்வேதிமங்கலமாக அமைத்தான். அவன் மகன் தந்திவர்மன் காலத்தில் வைரமேகத் தடாகம் என்னும் பெரிய ஏரி ஊருக்கு உயிர்நாடியாயிற்று. 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் கல்வெட்டுகள் 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை விவரிக்கின்றன. அந்த வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. நெல்லும் ஏரியும்தான் இவ்வூரின் வாழ்வு. மீனவரின் கட்டுமரக் கடலும் வணிகரின் மரக்கலக் கடலும் இவ்வூரார்க்கு அன்றாடத்தில் வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்குக் கடல் தீர்த்தம்.

தீர்த்தம் என்பதால் அதற்கு விதியும் உண்டு. சாத்திர மரபு கடலில் நினைத்தபோதெல்லாம் நீராட இடம் தருவதில்லை. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் போன்ற பருவ நாள்களில் மட்டுமே கடல் நீராட்டு ஆகும். எந்நாளும் முழுகலாம் என்ற விலக்கு சேதுவுக்கு மட்டுமே. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கக் கடலை நாடுவது இந்த மரபின் வழி வந்தது. எல்லாவற்றிலும் பெரியது மாசி மகம். மகம் நட்சத்திரமும் நிறைமதியும் கூடும் அந்நாளில் கடலோரக் கோயில்களின் உற்சவர்கள் தீர்த்தவாரிக்காக மணலில் இறங்குகிறார்கள். மாமல்லபுரத்தில் தலசயனப் பெருமாள் எழுந்தருள்கிறார். திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லை இதுவே. பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுவே. உள்நாட்டு வைணவக் குடும்பங்களுக்கு ஒரே நாளில் கோயிலும் கடலும் கிட்டின.

ஒரே நாள் என்பது மாமல்லபுரத்தில் இருக்கும் நாளைத்தான் குறிக்கும். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் போகும். ஆகவே உத்திரமேரூரிலிருந்து கடலுக்குப் போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். வைக்கோலும் தவிடும் வண்டியிலேயே ஏற வேண்டும். புளிச்சோறு போன்ற கெடாத கட்டுச்சோறு முதல் நாளுக்கு ஆகும். பிறகு வழியில் அடுப்பு மூட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டுப் போகிறவர்கள் கடலை மட்டும் பார்த்துத் திரும்புவதில்லை. வழியில் இருக்கும் திருக்கழுக்குன்றம் அந்தப் பயணத்தின் பிரிக்க முடியாத பாதியாக இருந்தது.

திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி வேதகிரீசுவரரைத் தொழுத பின் உச்சிப்பொழுதுக்காகக் காத்திருப்பது மரபாக இருந்தது. அந்த நேரத்தில் இரண்டு வெண்கழுகுகள் வந்து பாறையில் அமர்ந்து, பூசகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு பறந்துபோகும். அவை காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே பறக்கும் வழியில் இங்கே உண்ண வருவதாக மக்கள் நம்பினார்கள். தலைமுறை தலைமுறையாக நாள் தவறாமல் நடந்த இந்தக் காட்சி 1990களின் இறுதியோடு நின்றுவிட்டது. அதே காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகினங்கள் சரிந்தன. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலிமருந்து இறந்த மாட்டின் உடல்வழியே கழுகுகளைக் கொன்றது கண்டறியப்பட்டு, 2006இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது. மலையடிவாரத்துச் சங்கு தீர்த்தத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் என்ற நம்பிக்கை இன்னும் கூட்டத்தைக் கூட்டுகிறது. கழுகைக் காணக் காத்திருந்த உச்சிப்பொழுதோ வெறுமையாகிவிட்டது. இந்தப் பயணப் பாதையில் நேர்ந்த இழப்புகளில் இதுவே பெரியது.

இந்த மலைக்கு ஒருநாள் பயணமாக வந்தவர்களின் எழுத்துச் சான்றும் மலையிலேயே இருக்கிறது. பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தின் கல்லில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். தென்கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ள சதுரங்கப்பட்டினத்துப் பண்டகசாலையில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு மலை உல்லாச இடமாயிற்று. உள்நாட்டார்க்குக் கடல் தீர்த்தமாயிற்று. இரு சாராரும் எதிரெதிர்த் திசையில் வந்து அதே படிகளில் ஏறியிருக்கிறார்கள்.

டச்சுக்காரர் நாவில் சத்ராஸ் ஆன சதுரங்கப்பட்டினம் மெல்லிய பருத்தித் துணிக்குப் பேர்போனது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே செங்கல் கோட்டை கட்டி, உள்ளே கிடங்குகளும் கல்லறைத் தோட்டமும் அமைத்தது. குடும்பச் சின்னமும் பூவேலையும் பொறித்த கல்லறைப் பலகைகள் இன்றும் உள்ளன. 1782 பிப்ரவரி 17 அன்று இக்கரைக்கு அப்பால் கடலில் ஆங்கிலேயத் தளபதி ஹியூசும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் மோதினார்கள். அவ்விருவருக்கும் இடையே இந்தியக் கடலில் நடந்த ஐந்து போர்களில் அது முதலாவது. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இந்தியாவிலிருந்த டச்சு இடங்கள் ஆங்கிலேயர் வசமானதோடு சதுரங்கப்பட்டினத்தின் வணிக வாழ்வும் முடிந்தது. இன்று கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதை ஒட்டிய கல்பாக்கத்தில் 1984 முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது. கோட்டைக்கு எதிரே இருக்கும் கடற்கரை மாமல்லபுரத்தைவிட அமைதியானது. கூட்டத்தை விரும்பாத குடும்பங்கள் இதைத் தேர்ந்துகொள்கின்றன. இதற்குச் சற்றுத் தெற்கே வயலூர் அருகில் பாலாறு கடலில் கலக்கிறது. உத்திரமேரூர் வட்டத்தின் வடவெல்லையைத் தொட்டு ஓடும் ஆறும் அதுவே.

மாசி மகத்தைப் பற்றிச் சொல்லும்போது இருளர்களை முதலில் வைத்தே பேச வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பகுதிகளில் ஏரிக்கரைகளிலும் ஊருக்குப் புறத்தேயும் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழும் இந்தப் பழங்குடியினர், ஆண்டில் ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரையில் ஒன்றுகூடுகிறார்கள். நிறைமதிக்கு முன்பே குடும்பம் குடும்பமாக வந்து, கழி நட்டுச் சேலையும் வேட்டியும் தார்ப்பாயும் கட்டி மணலில் குடில் போடுகிறார்கள். அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அவளை இரந்து வீட்டுக்கு அழைப்பதே இந்த வழிபாடு என்று அவர்கள் கதை சொல்கிறது. விடியுமுன் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டி, மஞ்சளும் பூவும் தேங்காயும் பழமும் படைத்து, கிழக்கு நோக்கி விளக்கேற்றுகிறார்கள். சிலர்மேல் அருள் இறங்கி வாக்குச் சொல்கிறார்கள். அந்த விடியலிலேயே திருமணங்கள் நடக்கின்றன; பிள்ளைக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள்; அடுத்த ஆண்டுக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்கிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகச் சிக்கியவர்களை மிகுதியாகக் கொண்ட சமூகம் இது. உறவினர் எல்லாரையும் ஒருசேரப் பார்க்க அவர்களுக்கு வேறு நாளோ வேறு இடமோ இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புத்தோல் தொழிலை முடித்த பின், 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருளரின் திறமையை நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்செடுப்பில் பயன்படுத்தியது. அந்தச் சங்கம் இருப்பதும் இதே கடற்கரையில்தான். கரையில் விடுதிகள் பெருகிய காலத்திலும் மாசிப் பௌர்ணமியில் மாமல்லபுரத்து மணலுக்கு இருளர்களே முதல் உரிமையாளர்கள்.

கடல் வரை போகாத, கிட்டத்துப் பயணங்கள் வேறு. உத்திரமேரூர்க்காரர்களுக்கு அவற்றுள் முதன்மையானது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. உத்திரமேரூர் வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுரசாலையையும் அதன் மருத்துவரையும் பணியாளரையும் மருந்துகளையும் பட்டியலிடுகிறது. பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதராசர் பார்வேட்டைக்காக வாலாஜாபாத் வழியாகப் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருகிறார். சாலவாக்கம், காவாந்தண்டலம், பழைய சீவரம் ஆகிய ஊர்ப் பெருமாள்களும் வந்து சேர, ஐந்து பெருமாள்களை ஒரே இடத்தில் சேவிக்கலாம். அன்று பாலாற்று மணலே சந்தை. கரும்பு, பலூன், மண்பொம்மை, வளையல் எல்லாம் அங்கே கிடைக்கும். சுற்றுப்பட்டுக் கிராமங்களின் பிள்ளைகள் பலருக்கு முதல் வெளியூர்ப் பயணம் இந்த மணலுக்குப் போனதே. இவ்வாற்றில் பல்லாண்டுகளாக நடந்த மணல் அள்ளல் அந்தப் பரப்பைக் குழியும் முள்ளுமாக்கியது பெரிய கேடு.

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் வேடந்தாங்கல். ஏரியில் தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நாரை, நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால் ஊரார் பறவைகளைக் காத்தார்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள் அவற்றைச் சுட்டபோது செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள்; லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைச் சுடக்கூடாதென்று கவுல் என்னும் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் பெருமழையில் உடையவிருந்த கரையை இராமரும் இலக்குவரும் வில்லேந்திக் காத்ததைக் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டரும் இவரே. ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதித் திருப்பணியோடு அவர் பெயர் கல்வெட்டில் இணைந்திருக்கிறது. ஒரு கலெக்டரின் பெயர் ஒரு வட்டாரத்தின் இரண்டு பயண இடங்களில் இப்படி நன்றியோடு நிற்பது அரிது. நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலில் பறவைக் காலம். உச்சம் பொங்கலை ஒட்டி வருவதால் காணும் பொங்கல் கூட்டம் கடலுக்கும் ஏரிக்குமாகப் பிரிகிறது. வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் 2022இல் ராம்சார் ஈரநிலங்களாயின.

கடற்கரையை இன்பத்துக்கான இடமாகக் கருதும் எண்ணம் சென்னை வழியே வந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் ரசல் கடல்நீர்க் குளியலை நோய்க்கு மருந்தாகப் பரப்பினார். பிரைட்டன் போன்ற ஊர்கள் அதனால் வளர்ந்தன. சென்னையில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் மெரினா நடைபாதையை அமைத்தார். மாமல்லபுரத்துக்கு வந்த ஆங்கிலேயர்கள் குளிக்க வரவில்லை, சிற்பம் பார்க்க வந்தார்கள். 1770களில் இருமுறை வந்த வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரை 1788இல் வெளியானது. பின்னர் கோல்டிங்காம், மரியா கிரஹாம், பாபிங்டன் எழுதினார்கள். 1869இல் கார் என்பவர் இவ்வகை எழுத்துகளை ஒரே நூலாகத் தொகுத்தார். கடலுக்குள் ஆறு கோயில்கள் மூழ்கிக் கிடக்கின்றன என்னும் மீனவர் கதையால் ஊருக்கு ஏழு பகோடா என்ற பெயர் ஐரோப்பாவில் பரவியது. சென்னையிலிருந்து வந்தவர்களின் வழி நீர்வழி. 1878இல் ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆன நீர்ப்பாதையில் இரவு படகேறினால், வலித்தும் கழி ஊன்றியும் விடிந்தபின் மாமல்லபுரத்தை அடையலாம். உப்பும் விறகும் ஏற்றிய படகுகளோடு பயணப் படகுகளும் ஓடின. அக்கால்வாய் 20ஆம் நூற்றாண்டில் புயலாலும் தூர்வாராமையாலும் பயன்குன்றியது.

உள்நாட்டுக் கிராமத்துக்கு ஒருநாள் கடல் பயணத்தைக் கொண்டுவந்தது பேருந்துதான். உத்திரமேரூருக்கு ரயில் நிலையம் இல்லை. செங்கல்பட்டுப் பேருந்து நிலையமே கடலுக்கான வாசல். விடியற்காலை ஏறி, அங்கே மாறி, திருக்கழுக்குன்றம் வழியே முற்பகலில் மாமல்லபுரம் சேர்ந்து, அர்ச்சுனன் தபசும் ரதங்களும் பார்த்து, மாலை கடலில் காலை நனைத்து, இரவுக்குள் வீடு திரும்பலாம் என்பது வண்டிக்காலத்தில் நினைக்க முடியாதது. பள்ளிச் சுற்றுலாக்கள் இதே வழியைப் பின்பற்றின. 1971இல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் சென்னையிலிருந்து காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டையும் ஒரே நாளில் காட்டும் பேருந்துப் பயணத்தை நடத்தியது.

கரையோரத்து மாற்றம் வடக்கிலிருந்து தெற்கே பரவியது. 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமம், 1976இல் முதலைப் பண்ணை, 1996இல் தட்சிணசித்ரா, இடையே 1970களில் கோவளத்தில் நட்சத்திர விடுதி. கோவளம் பழைய துறை. 1752இல் கிளைவ் பிடித்து அழித்த கோட்டை அங்கே இருந்தது. 1984இல் மாமல்லபுரச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 1998இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சீரமைந்து திறந்ததும் சவுக்குத் தோப்புகள் மனைகளாகின. 2021இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது.

பழங்கோயில், மணல், விடுதி மூன்றும் ஒரே கரையில் சேர்வது உலகின் வேறிடங்களிலும் உண்டு. துருக்கியின் அந்தாலியாவில் தங்குகிறவர்கள் காலையில் பெர்கே இடிபாடுகளையோ 2ஆம் நூற்றாண்டின் அஸ்பெண்டோஸ் அரங்கையோ பார்த்துவிட்டு, சிடேயில் கடலோரக் கோயில் தூண்களுக்கு அருகே நீந்துகிறார்கள். 1982இல் அந்நாடு இயற்றிய சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டம் அந்தக் கரையை விடுதிக் கரையாக்கியது. இங்கே அது அப்படியே நிகழாததற்குக் கடலின் இயல்பும் ஒரு காரணம். மத்தியதரைக் கடல் கோடை முழுதும் பெரும்பாலும் அடங்கியிருக்கும், அதில் நீந்தலாம். சோழமண்டலக் கரையில் அலை கரையருகிலேயே உடைந்து திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகிறது. நீச்சல் தெரிந்த மீனவரும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். கிணற்றிலும் ஏரியிலும் நீந்திப் பழகிய உள்நாட்டு இளைஞர்கள் இந்த இழுவையை அறியாமல் உயிரிழப்பது ஆண்டுதோறும் நடக்கும் துயரம். கடலில் மூன்று முழுக்குப் போட்டுக் கரையேறும் பழைய தீர்த்த முறை இந்தக் கரைக்கு மிகவும் பொருந்திய முறை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மாமல்லபுரத்தின் வரலாற்றையும் நீட்டியது. அலை மணலை அரித்ததில் சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டு வெளிப்பட, 2005 முதல் நடந்த அகழாய்வில் வடக்கு நோக்கிய முருகன் கோயிலொன்று கிடைத்தது. பல்லவர் கட்டுமானத்துக்கு அடியில் அதற்கும் முந்தைய செங்கல் கோயில் இருந்தது. அதே ஊரிலுள்ள புலிக்குகைக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிடலாம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன.

காணும் பொங்கலன்று மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களிலிருந்து வேனிலும் சிறு லாரியிலும் பேருந்திலும் வருவது. வாகனங்களை ஊருக்கு வெளியே நிறுத்த வைக்கிறார்கள். கடலில் இறங்கக் காவல்துறை தடை விதித்துக் கரையில் சவுக்குக் கழித் தடுப்புக் கட்டுகிறது. குடும்பங்கள் ரதங்களுக்கு அருகிலும் வெண்ணெய் உருண்டைப் பாறையின் புல்வெளியிலும் விரிப்புப் போட்டுச் சாப்பிடுகின்றன. மாசி மகத்துக்கு அந்தத் தடை இல்லை. தீர்த்தவாரி நேரத்தில் மக்கள் பெருமாளோடு சேர்ந்து கடலில் இறங்குகிறார்கள்.